பத்து நிமிடப் படங்களும் நம் கலைவிழாவும்



ஆண்டு மலர் என்றால் தாயின் பெருமை, காலத்தின் அருமை, இளைஞர் சக்தி என்று எதையாவது எழுதினால்தான் எடுபடும் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். எனக்கு அதெல்லாம் எழுத வராது. நான் சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன். உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! பெரிய சினிமா இல்லை, சின்ன சினிமா. பத்து நிமிடத்தில் முடிந்து போகிற சினிமா. இதை இந்த மலரில் எழுத ஒரு காரணமும் இருக்கிறது. அது கடைசியில் நம் கலைவிழாவில்தான் போய் முட்டும்.

கலைஞர் டி.வி.யில் "நாளைய இயக்குநர்" என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. 2010 வாக்கில் பேர் வாங்கி, சில சீசன்கள் ஓடி, பிறகு நின்றே போய்விட்டது. குறும்படப் போட்டி அது. ஊர் பேர் தெரியாத இளைஞர்கள் ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். பத்து நிமிடம், முன்னே பின்னே. படம் ஓடும். ஓடி முடிந்ததும் எடுத்தவர் நடுவர்கள் முன்னால் நிற்க வேண்டும். முதல் சீசனில் நடுவர்களாக உட்கார்ந்தவர்கள் கார்ட்டூனிஸ்ட் மதனும் நடிகர் பிரதாப் போத்தனும். நல்லதை நல்லது என்பார்கள். இங்கே இழுக்கிறது, அங்கே புரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அந்தப் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள். அடுத்த சுற்றுக்கு இன்னொரு படத்தோடு வருவார்கள்.

இந்த நிகழ்ச்சி ஓடியபோது நான் பால்வாடியில்கூடச் சேரவில்லை. அரசாங்கம் கொடுத்த 14 இஞ்ச் இலவசக் கலர் டி.வி. எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனால் அதில் எனக்குத் தெரிந்தது பாட்டியின் சீரியல்தான். நான் இந்தப் படங்களைப் பார்த்தது 2020 ஊரடங்கில். கோட்டாறு கம்போளத்தில் மூட்டை தூக்குகிற என் அப்பாவுக்கு அப்போது வேலை அரைகுறை. ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் சொல்லி ஒரு போன் வாங்கித் தந்தார்கள். வகுப்பு முடிந்ததும் மிச்சமிருக்கும் டேட்டாவில் ஒரு பெரிய படம் பார்க்க முடியாது. பாதியிலேயே சுற்ற ஆரம்பித்துவிடும். பத்து நிமிடப் படம் பார்க்கலாம். அப்படித்தான் யூடியூப்பில் ஒன்று ஒன்றாகப் பார்த்தேன். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு சாப்பிட வந்தவள் மாதிரிதான். ஆனாலும் பாயசம் மிச்சம் இருந்தது!

அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். முதல் நாள் படம் முடிந்ததும், "அதுக்குள்ள தீந்து போச்சா? அப்பம் ஒரு லாறி லோடு எறங்கதுக்குள்ள நாலு படம் பாத்துரலாமே பிள்ளே" என்றார். அன்றிலிருந்து அவர் கணக்கில் ஒரு லோடு என்றால் நாலு படம்.

எனக்குப் பிடித்தவற்றில் முதல் இடம் "முண்டாசுப்பட்டி"க்கு. ராம்குமார் எடுத்தது. போட்டோ பிடித்தால் உயிர் போய்விடும் என்று நம்புகிற ஒரு கிராமம். செத்த பிறகுதான் அங்கே மனிதனுக்கு போட்டோ. அந்த ஊருக்குப் படம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்கிற ஒரு போட்டோகிராபர். கேட்கும்போதே சிரிப்பு வருகிறதா? எங்கள் பாட்டி சிரிக்கவில்லை. "அது உள்ளதுதாம்லா, எங்க மாமியாருக்கு ஒரு போட்டோவும் கெடையாது, பிடிக்க உடமாட்டாவ" என்று அவர் பாட்டுக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாட்டிக்கே இருக்கிற ஒரே தனிப் படம் ஆதார் அட்டையில் உள்ளதுதான். அதில் அவர் கேமராவைக் கண்டு பயந்த முகமாகத்தான் இருப்பார். இந்தக் கதையைத்தான் 2014ல் விஷ்ணு விஷாலை வைத்து முழுநீளப் படமாக எடுத்தார் ராம்குமார். நாலு வருஷம் கழித்து "ராட்சசன்" எடுத்து எல்லாரையும் பயமுறுத்தியவரும் அவரேதான். பெரிய முண்டாசுப்பட்டியும் நல்ல படம். ஆனால் அதில் காதல் உண்டு, பாட்டு உண்டு, துரத்தல் உண்டு. சின்ன முண்டாசுப்பட்டியில் ஒரே ஒரு பயம்தான் உண்டு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இரண்டாவது "பண்ணையாரும் பத்மினியும்". எஸ்.யு. அருண்குமார் எடுத்தது. வயதான பண்ணையார், அவர் மனைவி, ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார். இவ்வளவுதான் சரக்கு. வில்லன் இல்லை, வெட்டு குத்து இல்லை. ஒரு பழைய கார் மேல் ஒருவர் வைக்கிற பாசத்தைக் கேலி செய்யாமல் காட்டியிருப்பார்கள். இதுவும் 2014ல் ஜெயப்பிரகாஷ், துளசி, விஜய் சேதுபதி நடித்து பெரிய படமாக வந்தது. அதே அருண்குமார்தான் 2023ல் "சித்தா" எடுத்தார். சித்தாவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பத்மினி காரில் இருந்த அந்த மெதுவான கைதான் சித்தாவிலும் இருக்கிறது என்பது என் கட்சி. மெக்கானிக்கல் துறைத் தோழர்களுக்கு ஒரு சின்னச் செய்தி: பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக இத்தனை காலம் ஓடிய பத்மினி, 2023 அக்டோபரோடு அங்கேயும் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. வண்டி போனாலும் படம் நிற்கிறது, பாருங்கள்.

அப்பாவுக்கு மிகவும் பிடித்தது இந்தப் படம்தான். சொந்தமாக ஒரு சைக்கிள் தவிர வேறு வண்டி வைத்திருக்காத மனுஷனுக்கு அந்தப் பண்ணையார் மேல் பொறாமை வரவேண்டியதுதானே நியாயம்? வரவில்லை. "பாவம் மனுசன், வண்டிய எவனும் கேட்டுருவானோன்னு பயந்து பயந்து சாவுதான்" என்றார். எங்கள் வீட்டில் சினிமா விமர்சனம் என்ற ஒன்று நடந்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் "நல்லாருக்கு", "செரியில்ல" என்பதோடு முடிந்துவிடும்.

மூன்றாவதாக எல்லோரும் சொல்வதையே நானும் சொல்கிறேன்: பாலாஜி மோகனின் "காதலில் சொதப்புவது எப்படி". ஒரு பையன் நேராக கேமராவைப் பார்த்து, ஒன்றுமில்லாத விஷயத்தில் தொடங்கிய சண்டையைப் பற்றிப் புலம்புகிற படம். யூடியூப்பில் அந்தக் காலத்திலேயே லட்சக்கணக்கில் பார்த்தார்கள். 2012ல் சித்தார்த், அமலா பால் நடித்து தமிழிலும் தெலுங்கிலும் வந்துவிட்டது. படம் சிரிப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறை. கதை முழுக்க பையன் பக்கத்திலிருந்தே ஓடுகிறது. அந்தப் பெண்ணுக்கும் ஒரு கேமராவைக் கொடுத்து "நீ சொல்லும்மா" என்று விட்டிருந்தால் இன்னொரு பத்து நிமிடத்துக்கு விஷயம் இருந்திருக்கும். (எடுக்க வேண்டியதுதானே என்கிறீர்களா? அதற்கும் வருகிறேன்.) நான் இங்கே பெயர் சொன்ன படங்களில் ஒன்றுகூட பெண் எடுத்தது இல்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

நலன் குமரசாமி, கார்த்திக் சுப்பராஜ், அல்போன்ஸ் புத்திரன் எல்லாம் இந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான். முதல் சீசனில் வென்ற நலன் 2013ல் "சூது கவ்வும்" எடுத்தார். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் படித்து சாப்ட்வேர் வேலைக்குப் போன கார்த்திக் சுப்பராஜ் 2012ல் "பீட்சா" எடுத்தார். அவர் முதலில் எடுக்க நினைத்தது "ஜிகர்தண்டா"வை. அதற்குப் பணம் அதிகம் வேண்டும் என்பதால், ஒரு வீடு, ஒரு இரவு, ஒரு டார்ச் லைட் என்று குறைந்த செலவில் முடிகிற பீட்சாவை முதலில் எடுத்தார். கையில் இருக்கிற பொருளை வைத்து வேலையை முடிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அதைத்தான் பத்து நிமிடம் பத்து நிமிடமாகப் பழகியிருந்தாரே! துபாயில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து திரும்பி வந்த விஜய் சேதுபதி, பெரிய வேஷம் கிடைக்காத நாட்களில் இந்தப் பையன்களின் குறும்படங்களில்தான் நடித்துக்கொண்டிருந்தார். பாபி சிம்ஹாவும் அப்படித்தான். குறும்படத்தில் கூட இருந்த அதே கார்த்திக் சுப்பராஜின் ஜிகர்தண்டாவுக்காக சிம்ஹாவுக்கு தேசிய விருதே கிடைத்தது.

இதெல்லாம் எப்படி ஒரே நேரத்தில் நடந்தது? நான் யோசித்துப் பார்த்தவரை மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கூடின. 2008 கடைசியில் கேனான் கம்பெனி 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமராவை வெளியிட்டது. போட்டோ எடுக்கிற கேமராவிலேயே, சினிமாவுக்கு ஆகிற தரத்தில் வீடியோவும் எடுக்கலாம். பிலிம் வாங்க வேண்டாம், லேபுக்குக் கொடுக்க வேண்டாம், வாடகைக்கு எடுத்தால்கூடப் போதும். இரண்டாவது யூடியூப், சென்னைக்குப் போகாமலே படத்தை ஊர் பார்க்க வைக்கலாம். மூன்றாவது இந்தப் போட்டி. இதில் மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

"இப்போ எதுக்குப் பிள்ளே போட்டி? ஆளுக்கொரு கேமரா கையில இருக்கு, எடுத்தோமா, போட்டோமான்னு இருக்கலாம்லா?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். 5டி மார்க் 2 வாங்க அன்றைக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் வேண்டும். இன்றைக்கு நம் எல்லார் பையிலும் இருக்கிற போன் அதைவிட நன்றாகவே எடுக்கும். ரீல்ஸ் எடுக்காத பிள்ளை நம் வகுப்பில் உண்டா?

ஆனால் தோழர்களே, முதலாம் ஆண்டு வயரிங் பிராக்டிகலை நினைத்துப் பாருங்கள். மாடிப்படி விளக்கு; இரண்டு டூ-வே ஸ்விட்ச், ஒரு பல்ப், ஒரு மரப்பலகை. மூன்று மணி நேரம். கடைசியில் எக்ஸாமினர் வந்து நின்றுகொண்டு, "சப்ளை குடு" என்பார். அந்த ஒரு நொடிக்கு நெஞ்சு அடிக்கிற அடி இருக்கிறதே! எரிந்தால் எரிந்தது. பியூஸ் போனால் போனது. "சார், டயகிராம் கரெக்டா போட்டேன் சார்" என்று சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. நாளைய இயக்குநரில் நடந்தது அதுதான். நேரக் கட்டு உண்டு, நாள் குறித்திருக்கிறது, படத்தை முடித்தே ஆக வேண்டும், தெரிந்த ஒருவர் முன்னால் சப்ளை கொடுத்துக் காட்ட வேண்டும். ரீல்ஸ் என்பது சப்ளையே கொடுக்காத வயரிங். எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. லைக் போட்டவன் பார்த்துத்தான் போட்டானா என்பதே சந்தேகம். பிடிக்காதவன் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்; நின்று "இங்கே தப்பு" என்று சொல்ல மாட்டான். என்னைக் கேட்டால், அந்தப் பையன்களை இயக்குநர் ஆக்கியது கேமரா பாதி, நடுவர்கள் முன்னால் நின்ற அந்த ஐந்து நிமிடம் பாதி.

படம் பார்த்துப் பணம் போட ஆள் இருந்ததும் உண்மை. பீட்சா, சூது கவ்வும், முண்டாசுப்பட்டி மூன்றையும் தயாரித்தவர்களில் ஒருவர் சி.வி. குமார். பத்து நிமிடப் படத்தைப் பார்த்து "இவன் இரண்டு மணி நேரமும் தாங்குவான்" என்று நம்பிய மனுஷன். அந்தக் கதவு வழியாக எல்லோரும் போய்விடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பெயர் சொல்ல ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்; ஒவ்வொரு சீசனிலும் வந்து நின்ற மற்றவர்கள் இப்போது எங்கே என்ன வேலை பார்க்கிறார்களோ! அவர்கள் படங்களில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம் வைத்தால்தான் குறும்படம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள் போல. பார்த்துப் பார்த்து, எட்டாவது நிமிடத்திலேயே "இவன் செத்துப் போனவனாக்கும்" என்று அப்பா சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும்!

நிகழ்ச்சியில் வளர்ந்தவர்களே கொஞ்ச நாள் அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள். கார்த்திக் சுப்பராஜின் ஸ்டோன் பெஞ்ச் நிறுவனம் குறும்படங்களைக் கோத்து 2015ல் "பெஞ்ச் டாக்கீஸ்" என்றும், 2016ல் "அவியல்" என்றும் தியேட்டரிலேயே வெளியிட்டது. அவியலில் "களம்" என்ற குறும்படத்தை எடுத்தவர் யார் தெரியுமா? வங்கி வேலையிலிருந்து சினிமாவுக்கு வந்த லோகேஷ் கனகராஜ். "மாநகரம்" அதற்கு அடுத்த வருஷம். கைதி, விக்ரம், லியோ என்று விசில் அடிக்கிற நம்மில் எத்தனை பேர் களம் பார்த்திருக்கிறோம்?

இப்படி நின்று போவது நம் ஊரில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. ஆஸ்திரேலியாவில் டிராப்ஃபெஸ்ட் என்று ஒரு குறும்பட விழா. 1993ல் சிட்னியில் டிராபிகானா என்ற காபிக் கடையில், ஜான் போல்சன் என்ற நடிகர் தன் படத்தை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியதில் ஆரம்பித்தது. பிறகு பூங்காவில் பெரிய திரை கட்டி ஊரே பார்க்கிற திருவிழாவாகிவிட்டது. அதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பொருளைச் சொல்வார்கள். அந்தப் பொருள் படத்தில் எங்காவது வந்தாக வேண்டும். ஏன்? படம் அந்த விழாவுக்காகவே புதிதாக எடுத்தது என்று தெரிய வேண்டுமே, அதற்கு. பழைய படத்தைத் தூசி தட்டிக் கொண்டுவர முடியாது. அந்தப் பெரிய விழாவும் 2015ல் பணக் குளறுபடியில் மாட்டிக்கொண்டது, இழுத்துப் பிடித்துப் பார்த்தார்கள், 2019க்குப் பிறகு நின்றுவிட்டது. மறுபடி நடத்தப் போவதாக 2025ல் அறிவித்தார்கள்.

நமக்கு ஆஸ்திரேலியா தூரம். சென்னையே எழுநூறு கிலோமீட்டர். ஆனால் கோட்டாறு ரயில்வே ஸ்டேஷனில் (பலகையில் நாகர்கோவில் ஜங்ஷன் என்று போட்டிருந்தாலும் அது எங்கள் கோட்டாற்றில்தான் இருக்கிறது!) ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம் முன்னே பின்னே திருவனந்தபுரம். அங்கே 2008ல் இருந்து கேரள சலச்சித்திர அகாதமி, குறும்படத்துக்கும் ஆவணப் படத்துக்கும் என்றே சர்வதேச விழா நடத்துகிறது. கல்லூரிப் பிள்ளைகள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். நாமோ அந்த ஊருக்கு மெடிக்கல் காலேஜுக்கும் ஏர்போர்ட்டுக்கும் மட்டும்தான் போகிறோம்.

நம் மண்ணுக்கும் இது புதிது இல்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908ல் பிறந்த ஒழுகினசேரி, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அவர் தன் காமெடிப் பகுதிகளைத் தானே யோசித்துத் தனியாக உருவாக்கிப் படத்தோடு சேர்ப்பாராம். தனியே வெட்டி எடுத்தாலும் அவை தாமாகவே நிற்கும். 1949ல் வந்த "நல்லதம்பி"யில் கிந்தனார் காலட்சேபம் வருகிறதே, அதை மட்டும் எடுத்துப் பாருங்கள். தீண்டாமைக்கு ஆளான ஒரு ஏழைப் பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பெரிய அதிகாரியாக ஊருக்குத் திரும்புகிற கதை. எழுபது வருஷத்துக்கு முந்திய குறும்படம் என்றுதான் நான் அதைச் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். அதனாலோ என்னவோ, எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்க்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

சரி, கலைவிழாவுக்கு வருவோம்.

நம் கல்லூரிக் கலைவிழாவில் முன்பு குறும்படம் ஒரு போட்டியாக இருந்தது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இப்போது இல்லை. விசாரித்ததில் மூன்று பதில் கிடைத்தது. ஒன்று, வளாகத்தில் போன் எடுக்கக் கூடாது. இரண்டு, ஒரு வருஷம் யாரோ யூடியூப்பில் இறக்கிய படத்தைத் தன் படம் என்று கொடுத்துப் பரிசும் வாங்கிவிட்டார்கள். மூன்று, நேரம் இல்லை. ஆனால் கடைசி நாள் டி.ஜே.வுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. டி.ஜே. வேண்டாம் என்று சொல்லி உங்களிடம் அடி வாங்க நான் தயாராக இல்லை! அந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றைத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு மணி நேரத்தில் நாலு படம் போட்டு, பேசவும் முடியும்.

இரண்டாவது பதிலுக்கு மருந்து டிராப்ஃபெஸ்ட்காரர்களிடமே இருக்கிறது. போட்டிக்குப் பத்து நாள் முன்னால் பேரவை ஒரு பொருளை அறிவிக்கட்டும். அது இல்லாத படம் உள்ளே வராது. அந்தப் பொருளோடு யூடியூப்பில் பத்து நிமிடப் படம் தேடிக் கண்டுபிடிக்கிறவனுக்கு, அந்த உழைப்புக்காகவே தனியாக ஒரு ஆறுதல் பரிசு கொடுக்கலாம். முதல் பதிலுக்கு, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி இரண்டு சனிக்கிழமை மட்டும் போன் அனுமதி. லேப் ரெக்கார்டுக்கு நூறு கையெழுத்து வாங்குகிற நமக்கு இது ஒரு கையெழுத்தா?

நான் முக்கியமாகக் கேட்பது வேறு ஒன்று. ஷூட்டிங் வளாகத்துக்குள்ளேயே, சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிகிற மாதிரி இருக்க வேண்டும். பையன்கள் ராத்திரி பத்து மணிக்கும் கடற்கரையில் போய் எடுத்துவிட்டு வரலாம். என்னால் முடியாது. என் வகுப்பில் இருக்கிற மற்ற பெண்களாலும் முடியாது. வடசேரி போகிற பஸ்ஸை விட்டுவிட்டால் வீட்டில் இருந்து நாலு போன் வந்துவிடும். "படம் பிடிக்கப் போறேன்" என்று சொன்னால் அம்மா முகம் போகிற போக்கே வேறு. அப்பாவோடு உட்கார்ந்து படம் பார்த்த வீடுதான் எங்கள் வீடு. அந்த வீட்டிலேயே இந்த நிலைமை என்றால் மற்ற வீடுகளைச் சொல்ல வேண்டுமா? காலேஜ் வேலை, காலேஜுக்குள்ளே, மிஸ் கூட இருப்பார்கள் என்றால் மறுபேச்சு இல்லை. பெண் எடுத்த படம் ஒன்றுகூட என் பட்டியலில் இல்லை என்று முன்னால் சொன்னேனே, அதற்கு அறிவு காரணமா, ஐந்தரை மணி பஸ் காரணமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நடுவர் மேடையில் ஏறிப் பேச வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கவரைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நிமிடம். எது நன்றாக இருந்தது, எங்கே கதை நழுவியது. எடுத்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். வைவா வாய்ஸில் நிற்காத கால்களா நம்முடையவை? பரிசுப்பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சான்றிதழ் போதும். செமினார் ஹாலில் புரொஜெக்டர் இருக்கிறது, ஸ்பீக்கர் எங்கள் துறை லேபில் இருக்கிறது. ஒரு சேனல் போயிருந்ததை நாங்களே சரி பார்த்தோம். செலவு என்று சொல்ல வேண்டுமானால் டீ, வடை.

எனக்கு எடுக்க ஒரு கதை இருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள் கையில் ஒரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சாக்கில் குத்தி இழுக்க. அப்பாவின் கொக்கிக்கு வயது என்னைவிட அதிகம். பிடி தேய்ந்து தேய்ந்து அவர் கைக்கு மட்டும்தான் அது பொருந்தும். வேறு யார் பிடித்தாலும் வழுக்கும். அந்தக் கொக்கியை நான் கையில் பிடித்துப் பார்க்கிற கதை. வசனம் பத்து வரிக்கு மேல் கிடையாது. கம்போளத்துக் கடை மாதிரி ஒன்றை நம் வொர்க் ஷாப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நாலு சாக்கை அடுக்கி உண்டாக்கிவிடலாம். அப்பாவிடம் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கடைசில நான் செத்துருவனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பம் செரி, எடு" என்று சொல்லிவிட்டார். நடிக்க மாட்டாராம், கொக்கி மட்டும் தருவாராம். அதுவும் ஞாயிற்றுக்கிழமை லோடு இல்லாத அன்றைக்குத்தான். சனிக்கிழமை அனுமதி கிடைத்தால் எப்படி என்று இன்னும் பேசி முடியவில்லை.

எனக்கு இன்னும் மூன்று செமஸ்டர் இருக்கிறது. பிறகு அப்ரண்டிஸ், ஓசூரோ ஸ்ரீபெரும்புதூரோ, ஷிப்ட் வேலை. அங்கே போன பிறகு சாக்கு அடுக்க ஷெட்டும் கிடைக்காது, கூட நிற்க ஆளும் கிடைக்காது. ஆகவே அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். எலெக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டிலிருந்து ஏழு பேர் கையெழுத்துப் போட்ட மனு ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கிறது. அதில் ஐந்து பேர் பெண்கள். மற்ற துறைக்காரர்கள் அதன் கீழேயே கையெழுத்துப் போடலாம், இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறோம். பொருள் எது என்பதற்கு சிவில்காரர்கள் இப்போதே தூக்குக்குண்டு வேண்டும் என்கிறார்கள், மெக்கானிக்கலில் வெர்னியர் என்கிறார்கள். என் ஓட்டு டெஸ்டருக்கு.